பல் டாக்டரிடம் போன ஊறுகாய்

அரிஹியாவுக்குப் பிறந்ததிலிருந்தே தனக்கென்று ஒரு பொருள் இருந்ததில்லை. வீட்டில் பதினோரு பிள்ளைகள், அதில் அவள் ஒன்பதாவது. படுக்கையில் தலைமாட்டில் ஒரு அக்கா, கால்மாட்டில் ஒரு தங்கை. பள்ளிக்கூடத்துச் சட்டை மூன்று அக்காமார் உடம்பைப் பார்த்துவிட்டுத்தான் அவளிடம் வந்து சேரும். வரும்போது அதில் பொத்தானைவிட ஊக்குதான் அதிகம் இருக்கும்.

நேப்பியாவைக் கட்டிக்கொண்டு வைப்புராவ் விரிகுடாவுக்கு வந்தபோதாவது நிலைமை மாறும் என்று நினைத்தாள். அங்கே அதைவிட மோசம். அவள் ஆசையாக வாங்கிய பெரிய அலுமினியப் பானை வந்த மாதமே மராய் சமையற்கட்டுக்குப் போய்விட்டது. ஊர்க் கூட்டம், சாவு, கல்யாணம் எல்லாம் நடக்கிற பொதுமனை அது; அங்கே போன பாத்திரம் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. அவளுடைய ரப்பர் பூட்ஸ் எந்த மச்சான் காலிலோ ஏறி ஆற்றில் விலாங்கு பிடித்துக்கொண்டிருக்கும். கார் சாவி காரிலேயே கிடக்கும். எடுத்துப் போனவன் பெட்ரோல் போட்டுக் கொண்டுவந்து நிறுத்தினால் அவன் யோக்கியன், போடாமல் நிறுத்தினால் சொந்தக்காரன்.

இதையெல்லாம் அவள் வெளியே குறை சொன்னதில்லை. சொன்னால் பக்கத்தில் நாலு பேர் உட்கார்ந்து கூடவே குறை சொல்வார்கள். அப்புறம் அந்தக் குறையும் அவளுடையதாக இருக்காது.

தன்னுடையது என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டது ஊறுகாய் ஒன்றைத்தான். எங்கள் பக்கத்துக் கமோகமோக் காய் பூசணிக்குத் தம்பி, சுரைக்காய்க்கு மச்சான். கோடை முடியும்போது ஒவ்வொரு தோட்டத்திலும் அது காய்க்கிற காய்ப்புக்குத் தின்ன ஆள் போதாது. விடிவதற்குள் பக்கத்து வீட்டு வாசலில் நாலைந்தை வைத்துவிட்டு ஓடிவிடுவதுதான் ஊர் வழக்கம். ஓடத் தெரியாதவர்கள் அரிஹியா வாசலில் வைத்தார்கள், அவள் திட்டமாட்டாள் என்று. அவள் அதைப் பொடியாக நறுக்கி, ஒரு இரவு உப்பில் போட்டு, காடியும் சர்க்கரையும் கடுகும் மஞ்சளும் சேர்த்துக் காய்ச்சினாள். மஞ்சளில் மட்டும் கை கொஞ்சம் தாராளம். சாவு வீட்டில் மூன்று நாள் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்குமாகத் தின்று நாக்கு செத்த விருந்தாளிகள், இரண்டாம் நாள் சாயங்காலம் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அந்த மஞ்சள் ஊறுகாய் இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு மேசை போட்டாள், விற்றது. கிஸ்பர்ன் சனிக்கிழமைச் சந்தைக்குக் கொண்டுபோனாள், அங்கேயும் பத்து மணிக்குமேல் மிஞ்சவில்லை.

சரி, ஜாடிக்கு ஒரு பெயர் ஒட்டலாம் என்று சும்மா இருக்காமல் ஒரு நாள் வாயைவிட்டாள். ஊர் கூடிவிட்டது. மலையின் பெயரை வைக்கவேண்டும் என்றார்கள் சிலர். ஆற்றுக்குக் கோபம் வராதா என்றார்கள் சிலர். அவளுக்கு அண்ணன் முறையான பரத்தேனே, மராயில் ஊருக்காக எழுந்து பேசுகிறவர், தன் தாத்தாவின் பெயரை முன்மொழிந்தார். அந்தத் தாத்தாவுக்கு ஊறுகாயே ஆகாது என்று ஒருவர் எழுந்து நினைவூட்டினார். இரண்டு நாள் பேசி, இரண்டு பன்றி தின்று, எல்லோரும் மிகுந்த திருப்தியோடு வீட்டுக்குப் போனார்கள். பெயர் முடிவாகவில்லை. ஜாடி மொட்டையாகவே போய்க்கொண்டிருந்தது.

ஒருவரும் "அரிஹியா ஊறுகாய்" என்று சொல்லவில்லையே என்பதுதான் அவளுக்கு உறைத்தது. அடுத்த முறை கிஸ்பர்ன் போனபோது அச்சுக்கடையில் சொல்லிச் சின்னதாகச் சீட்டு அடித்துக்கொண்டாள். பச்சை எழுத்தில் 'அரிஹியா', கீழே ஒரு கமோகமோ படம். அதைச் செருப்புப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். யாருக்கும் தெரியாது. நேப்பியாவுக்குத் தெரியும், ஆனால் நேப்பியாவுக்குத் தெரிவதும் சுவருக்குத் தெரிவதும் ஒன்று. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிற மனிதன் அவன். நாள் முழுக்கப் பிள்ளைகள் சத்தத்தைக் கேட்டுவிட்டு, மிச்ச நேரத்துக்கு மௌனத்தைச் சம்பளமாக எடுத்துக்கொள்வான்.

அப்போதுதான் ஆக்லாந்தில் ஒரு பெரிய கடைக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். சந்தையில் ஊறுகாய் வாங்கிப் போன யாரோ அங்கே சொல்லியிருக்கிறார்கள். வந்து அரை மணி நேரம் பேசுங்கள், ஜாடி நாலைந்து கொண்டுவாருங்கள் என்றாள் போனில் ஒரு பெண். கடைசியில் சும்மா ஒரு வார்த்தை சேர்த்தாள், "நீங்க மட்டும் வந்தாப் போதும்."

நீங்க மட்டும்! வாழ்நாளில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. போனை வைத்துவிட்டு அந்த இரண்டு வார்த்தையை மிட்டாய் மாதிரி வாயில் போட்டுச் சுழற்றினாள்.

ஏனென்றால் எங்கள் ஊரில் காரியமாகத் தனியாக யாரும் எங்கேயும் போவதில்லை. நேப்பியாவின் அக்கா கெய்ட்டாவுக்குக் கண்ணில் புரை எடுத்தபோது ஆஸ்பத்திரித் தாழ்வாரம் முழுக்க நம் ஆட்கள்தான். டாக்டர் வெளியே வந்ததும் பரத்தேனே எழுந்து வரவேற்புரை சொல்ல, பெண்கள் பின்னால் நின்று பாட, அந்த டாக்டர் தான் ஊருக்குள் விருந்தாளியாக வந்திருக்கிறோமோ என்று குழம்பிவிட்டார். ஒரு மருமகன் கார் ஓட்டும் பரீட்சைக்குப் போனபோது இரண்டு வேன் கூடப் போனது. பரீட்சை அதிகாரி அவனைப் பாஸ் போட்டது திறமையைப் பார்த்தா, பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தா என்று இன்றுவரை தெரியாது. ஒருவர் பேசினால் நாலு பேர் கூட நிற்கவேண்டும், பேசி முடித்ததும் பாடவேண்டும். பேச்சு சோறு என்றால் பாட்டுதான் தொட்டுக்கை. தொட்டுக்கை இல்லாமல் சோறு போடுகிற ஊரை யார் மதிப்பார்கள்?

பாட்டில் அரிஹியாவின் இடம் கடைசி வரிசை. குரல் அப்படி. கல்யாணமான புதிதில் ஒருமுறை வாய்திறந்து பாடினாள். கெய்ட்டாதான் ஊர்ப் பாட்டுக்குத் தலைவி, சமையற்கட்டுக்கும் அவள்தான். பாட்டு முடிந்ததும் அரிஹியாவைத் தனியாகக் கூப்பிட்டு, தோளைத் தட்டி, "நீ நில்லு கண்ணு. வாயை மட்டும் அசை. சத்தத்தை நாங்க பார்த்துக்கறோம்" என்றாள். முப்பது வருஷமாக அரிஹியா வாயைத்தான் அசைத்துக்கொண்டிருந்தாள்.

ஆக்லாந்துக்கு இவர்களைக் கூட்டிப் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஊறுகாய் மறுபடியும் மலையுடையதாகிவிடும், ஆற்றுடையதாகிவிடும், ஊறுகாய் பிடிக்காத தாத்தாவுடையதாகிவிடும். இந்த ஒன்றாவது தன்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தாள். அதில் என்ன தப்பு? அவளுக்கே அது தப்பாகத் தெரியவில்லை. தப்பு இல்லையென்றால் ஏன் பொய் சொல்லவேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள் மராய் சமையற்கட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, "நாளைக்கு நான் இருக்க மாட்டேன் அண்ணி. பல் டாக்டர்கிட்டப் போறேன். மேல் கடைவாய்ப் பல்லு உயிரை எடுக்குது" என்றாள்.

கெய்ட்டாவின் கத்தி ஒரு கணம் நின்றது. பரத்தேனே தேநீர்க் கோப்பைக்குள் எதையோ கூர்ந்து பார்த்தார். "போயிட்டு வா" என்றாள் கெய்ட்டா. அவ்வளவுதான்.

அரிஹியாவின் மேல்வரிசைப் பல் முழுக்கக் கட்டின பல். அது ஊருக்கே தெரியும். ஒரு சாவுக்குக் கஸ்டர்டு கிண்டும்போது அது கழன்று சட்டிக்குள் விழுந்து, ஆறு பெண்கள் கரண்டிபோட்டுத் துழாவி எடுத்த பல் அது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு. அரிஹியா இல்லாத பல்லில் வலியை மறைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனாள்.

விடியுமுன் நேப்பியா எழுந்து வழிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தான். காரின் பின்பெட்டியில் இரண்டு அட்டைப்பெட்டி ஊறுகாய் இருப்பதைப் பார்த்தான்.

"டாக்டருக்கா?" என்றான்.

"ம்."

"நல்ல டாக்டர் போல" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான்.

அந்தக் கம்பெனி ஏழாவது மாடியில் இருந்தது. லிஃப்டுக் கதவு திறந்ததும் அரிஹியாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எதிரே இருபது பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். வெள்ளைக்காரர்கள், சீனர்கள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டவர்கள். முன்னால் நம் இனத்து ஆள் ஒருவன், முப்பத்தைந்து வயதிருக்கும், தாடி, நல்ல தோள். எங்கள் மொழியில் கணீரென்று அவளை வரவேற்றுப் பேசினான். ரெவிட்டி என்று பெயர், தூர வடக்கு. அவன் பேசி முடித்ததும் அந்த இருபது பேரும் அவளுக்காகப் பாடினார்கள். வாராவாரம் பாட்டு வகுப்பாம். கையில் தாள் வைத்திருந்தாலும் நன்றாகவே பாடினார்கள். ஒரு சீனப் பெண் கண்ணை மூடிக்கொண்டு உருகினாள்.

பாட்டு முடிந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

அந்தப் பக்கம் இருபது பேர். இந்தப் பக்கம் ஒரு பெண்பிள்ளையும் இரண்டு அட்டைப்பெட்டியும்.

பதில் பேச்சுக்கு அவள் பயப்படவில்லை. எங்கள் கடற்கரையில் பெண்கள் எழுந்து பேசுவது பழைய வழக்கம். பெண்ணை எழுந்து பேசவிடாத வடக்கத்திக்காரர்கள் மூக்கைச் சுளித்தால் அது அவர்கள் மூக்கு. எங்கள் மலை என்றாள், எங்கள் ஆறு என்றாள், எங்கள் முன்னோர் வந்த தோணி என்றாள், எங்கள் செத்துப்போனவர்கள் என்றாள். நன்றாகவே பேசினாள். எங்கள் எங்கள் என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டே போனது. பேச்சு முடிந்தது.

இப்போது பாட்டு.

ஊறுகாய் விற்க வந்தவள் தொட்டுக்கை இல்லாமல் நின்றாள். வேறு வழியில்லை, வாயைத் திறந்தாள். முதல் வரி கூரைக்கு ஏறிப்போய் நின்றுகொண்டு இறங்கமாட்டேன் என்றது. இரண்டாவது வரி வரவே இல்லை. அப்போதுதான் அவளுக்கு ஒரு விஷயம் புரிந்தது. முப்பது வருஷமாகக் கெய்ட்டாவின் பின்னந்தலையைப் பார்த்து, அது ஆடுகிறபடி வாயை அசைத்துக்கொண்டிருந்தாளே தவிர, ஊர்ப்பாட்டில் ஒரு வரிக்குமேல் அவளுக்குத் தெரியாது. பின்னந்தலை வைப்புராவில் இருந்தது.

காது மடல் எரிந்தது அவளுக்கு. அப்போது ரெவிட்டி தன் வரிசையைவிட்டு வெளியே வந்தான். நடுவில் இருந்த கம்பளத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, அவள் தோளோடு தோள் சேர்ந்து நின்று, கைக்குழந்தைக்கும் தெரிந்த ஒரு பாட்டை எடுத்தான். அவள் பின்னால் முனகினாள். எதிர்ப்பக்கத்தில் சிலர் நமக்கும் தெரிந்த பாட்டாயிற்றே என்று வாயைத் திறந்துவிட்டு, இப்போது நாம் எந்தப் பக்கம் என்று புரியாமல் மூடிக்கொண்டார்கள்.

மூக்கோடு மூக்கு வைத்து வணக்கம் சொல்லும்போது அவன் மெதுவாகக் கேட்டான். "அத்தை, உங்க ஆளுங்க எங்க? கீழ வண்டி நிறுத்தறாங்களா?"

"இல்லப்பா. வரல."

அவன் முகம் மாறிவிட்டது. "ஐயோ. யாராவது தவறிட்டாங்களா?"

ஒரு ஊர் தன் மனுஷியைத் தனியாக அனுப்ப அவனுக்குத் தெரிந்த ஒரே காரணம் சாவுதான். அரிஹியாவுக்கு அங்கேயே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஏழாவது மாடி, பிளந்தாலும் ஆறாவது மாடிக்குத்தான் போகமுடியும்.

வியாபாரம் என்னவோ வெண்ணெயாக நடந்தது. கம்பெனித் தலைவி ஆல்டர்சன் அம்மாள் பிஸ்கட்டில் தடவித் தடவி அரை ஜாடியைக் காலிசெய்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள். செய்முறையைக் கொடுத்துவிடுங்கள், இங்கே எங்கள் தொழிற்சாலையிலேயே செய்துகொள்கிறோம். காயும் இங்கேயே வாங்கிக்கொள்வோம். நீங்கள் கையை நனைக்கவே வேண்டாம். ஜாடிக்கு ஜாடி பங்கு உங்கள் வீடு தேடி வரும்.

"பெயரை மாத்தவே மாட்டோம்" என்றாள், ஜாடியில் ஒட்டியிருந்த பச்சை எழுத்தைத் தடவிக்கொண்டே. "அரிஹியா! எவ்வளவு அழகு. உங்க படத்தையும் போடுவோம். நாடு பூரா இருக்கும்."

முப்பது வருஷம் யாரும் சொல்லாத பெயரை நாடு முழுக்கச் சொல்லப்போகிறார்கள். துள்ளிக் குதித்திருக்கவேண்டும். "யோசிச்சுச் சொல்றேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள்.

பாதி வழியில் கடற்கரை ஓரமாக வண்டியை நிறுத்திச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாள். முட்டை வைத்த ரொட்டி. அதற்கடியில் ஒரு பை நிறைய வறுத்த பன்றித்தோல், கல் மாதிரி மொறுமொறுவென்று. பல் பிடுங்கப் போகிறவளுக்கு யாராவது அதைக் கட்டிக் கொடுப்பார்களா? அப்போதே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவனுக்குத் தெரிந்தால் ஊருக்கும் தெரிந்திருக்கும். அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அந்தப் பன்றித்தோலை முழுக்கத் தின்று தீர்த்தாள்.

மறுநாள் காலை மராய்ச் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் தற்செயலாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அத்தனை பேருக்கும் எப்படித் தற்செயல் வாய்த்தது என்று கேட்கக்கூடாது.

"வா வா" என்றாள் கெய்ட்டா, வறுத்த ரொட்டியை நகர்த்தி வைத்துக்கொண்டே. "பல்லு எப்படி இருக்கு?"

"பரவால்ல அண்ணி."

"புடுங்கிட்டாங்களா?"

"இல்ல... ம்... மருந்து வச்சாங்க."

"மேல் கடைவாய்தானே சொன்ன?" என்றார் பரத்தேனே. "அதுக்கு ஏன் அவ்வளவு தூரம் போன? ராத்திரி தம்ளர்லதான கிடக்கு? தம்ளரை மட்டும் அனுப்பியிருந்தாப் போதுமே."

கூடம் குலுங்கியது. ஒரு கிழவி சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கு வழியாக வந்தது. அரிஹியா உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். போன் வந்தது, நீங்க மட்டும் என்றது, செருப்புப் பெட்டி, பச்சை எழுத்து, தொழிற்சாலை, படம், நாடு பூரா. சொல்லிவிட்டுத் திட்டுக்காகக் காத்திருந்தாள்.

"நல்ல காசாச்சே. வாங்கிக்கோயேன்" என்றாள் கெய்ட்டா.

"கோவம் இல்லையா அண்ணி?"

"ஊறுகாய் உன்னுது. காய்தான் எங்களுது. அதையும் நாங்களா ஆசைப்பட்டுக் கொடுத்தோம்? தொலையட்டும்னு வாசல்ல வச்சிட்டு ஓடினோம்."

பரத்தேனேவுக்கு வேறு ஒரு கேள்வி இருந்தது. "வரவேற்பு கொடுத்தாங்களா?"

"கொடுத்தாங்கண்ணே. இருபது பேர் பாடினாங்க."

"பதில் பேசினியா?"

"பேசினேன். மலை, ஆறு, ஒண்ணும் விடல."

"பேசிட்டு?"

அரிஹியா மேசையில் இல்லாத ஒரு துணுக்கைத் தட்டிவிட்டாள்.

"பேசிட்டு என்ன பண்ணினேன்னு கேக்கறேன்."

"பாடினேன்."

"யாரு?" என்றாள் கெய்ட்டா. "நீயா? வாயைத் திறந்தா? சத்தமாவா?"

"ஒரு வரி."

நேப்பியா, அந்தச் சுவர், முதலில் உடைந்தான். தலையை மேசையில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். கெய்ட்டா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "கண்ணாடி ஏதாவது உடைஞ்சுதா? அதுக்கு நாம கட்டணுமா?" என்று கேட்டாள். அரிஹியாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, வடக்கத்திப் பையன் ஒருவன் கம்பளத்தைத் தாண்டி வந்து பக்கத்தில் நின்று பாடிக் காப்பாற்றியதையும் சொல்லிவிட்டாள்.

சிரிப்பு நின்றுவிட்டது.

"நம்ம பக்கம் வந்து நின்னானா?" என்றார் பரத்தேனே.

"ஆமாண்ணே."

"நமக்கு ஒரு வகையிலயும் சொந்தம் இல்லாதவன். நம்ம பொண்ணு தனியா நிக்கறான்னு அவன் ஊரை விட்டுட்டு நம்ம ஊரா நின்னான்." அவர் குரலில் இப்போது கேலியே இல்லை. "உங்க ஆளுங்க எங்கன்னு கேட்டிருப்பானே."

"கேட்டான். யாராவது செத்துட்டாங்களான்னு கேட்டான்."

கெய்ட்டா முக்காட்டுத் துணியை அவிழ்த்து மறுபடி கட்டினாள். பொய் சொன்னதை அவர்கள் மன்னித்தாயிற்று, வியாபாரத்தைப் பற்றிக் கவலையே இல்லை. ஆனால் பாட்டு! வைப்புராவ்க்காரிக்கு யாரோ ஒருத்தன் பாட்டு இரவல் கொடுத்திருக்கிறான். அதை வாங்கிவைத்துக்கொண்டு ஊர் எப்படி நிமிர்ந்து நடக்கும்?

"நேப்பியா, பள்ளிக்கூடம் எப்ப லீவு?" என்றாள் கெய்ட்டா.

"வெள்ளி" என்றான் நேப்பியா.

"அப்ப திங்கக்கிழமை போறோம்."

அப்போது அரிஹியா எழுந்தாள். "நான் தொழிற்சாலைக்குக் கொடுக்கப் போறதில்ல அண்ணி. எனக்கு என் பேர் வேணும். அது பொய் இல்ல. சின்ன வயசுலேர்ந்து வேணும். ஆனா நம்ம காய் இல்லாம, நீங்க யாரும் நறுக்காம, பேர் மட்டும் நாடு பூரா போனா, அது நான் அந்த ஏழாவது மாடியில ஒத்தையாப் பாடின மாதிரிதான் இருக்கும். இன்னொரு தடவை அதை என்னால தாங்க முடியாது."

அவள் பையிலிருந்து பச்சைச் சீட்டுக் கட்டை எடுத்து மேசையில் வைத்தாள். "மலைப் பேரோ தாத்தா பேரோ, நீங்களே வைங்க" என்றாள்.

கெய்ட்டா ஒரு சீட்டை எடுத்துக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் படித்தாள். புரை எடுத்த கண். "இதையே ஒட்டு."

"அண்ணி?"

"இதுதான் பேரு. ரெண்டு நாள் பன்றி தின்னுட்டு உக்காந்திருந்தோமே, எவனுக்காவது இது தோணிச்சா? எனக்குந்தான் தோணல." ஒரு கணம் அவள் அரிஹியாவைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். அப்புறம் பழைய கெய்ட்டாவாகிவிட்டாள். "ருசி கெட்டுப்போச்சுன்னா திட்டறதுக்கும் ஒரு பேர் வேணும்ல? மலையைப் போயா திட்ட முடியும்?"

பரத்தேனே ரெவிட்டிக்குப் போன் செய்து சொன்னார். எத்தனை பேர் என்று அவன் கேட்டான். "கொஞ்சம் பேர்தான்" என்றார். திங்கட்கிழமை பள்ளிக்கூடப் பேருந்திலிருந்து நாற்பது பேர் இறங்கினார்கள். பின்னாலேயே வேகவைத்த மாவுப்பணியாரம், புகைபோட்ட மீன், அரிஹியாவின் அலுமினியப் பானை. லிஃப்டு ஆறு முறை ஏறி இறங்கியது. ஆல்டர்சன் அம்மாள் வெளியே வந்து பார்த்துவிட்டு, "ஒப்பந்தம் பத்திப் பேசவா இவ்வளவு பேர்?" என்று கேட்டாள்.

"ஒப்பந்தத்துக்கு அரிஹியா போதும்மா" என்றார் பரத்தேனே. "நாங்க பாட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தோம்."

ஒப்பந்தம் பிற்பாடு ஆயிற்று. நாடு பூரா இல்லை, ஆறு கடைக்கு மட்டும். மராய் சமையற்கட்டில் எல்லோரும் நறுக்கி, அந்த அலுமினியப் பானையில் காய்ச்சின ஊறுகாய். ஒப்பந்தத்தில் கெய்ட்டா ஒரு வரி சேர்க்கச் சொன்னாள், ஊரில் சாவு விழுந்தால் அந்த வாரம் ஊறுகாய் முதலில் சாவு வீட்டுக்கு, கடைக்கு அப்புறம்தான் என்று. கம்பெனி வக்கீல் அதை மூன்று முறை படித்துவிட்டுப் பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

ஆனால் அன்று முதலில் பாட்டு. பரத்தேனே பேசினார். எதிர்ப்பக்கம் ரெவிட்டி நின்றான். இந்த முறை அவன் தாண்டி வரத் தேவையில்லை. பேச்சு முடிந்ததும் பெண்கள் எழுந்தார்கள். அரிஹியா வழக்கம்போலக் கடைசி வரிசைக்கு நழுவினாள். கெய்ட்டா அவள் கையைப் பிடித்து இழுத்து முதல் வரிசையில் தன் பக்கத்தில் நிறுத்தினாள்.

அரிஹியா வாயை அசைத்தாள். இப்போது பின்னந்தலை இல்லை, பக்கவாட்டில் கெய்ட்டாவின் முகம்தான் தெரிந்தது. முழங்கை ஒன்று விலாவில் இடித்தது.

"பாடுடி."

"அண்ணி, என் குரல்..."

"நாற்பது பேர் இருக்கோம். பாடு."

அவள் பாடினாள். வாயைத் திறந்து, சத்தமாக, தெரிந்த வரியையும் தெரியாத வரியையும். குரல் அதே குரல்தான், ஒரு சுருதியும் சேரவில்லை. ஆனால் அந்த நாற்பது பேர் சத்தத்துக்குள் அது எங்கே போயிற்று என்று எதிரே நின்ற யாருக்கும் தெரியவில்லை. கெய்ட்டாவுக்கு மட்டும் தெரிந்தது. ஒரு காதைச் சற்றே அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, முகத்தைச் சுளிக்காமல், கடைசிவரை பாடி முடித்தாள்.